பழைய லொறியில் ஒரே மின்பாகம் திரும்பத் திரும்பப் பழுதானால்

பழைய லொறி ஒன்றை வாங்கித் தொழிலுக்கு இறங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது: "போன மாதம்தான் ஓல்டனேற்றர் மாற்றினது, திரும்பவும் சார்ஜ் இல்லை." ஓல்டனேற்றர் என்பது எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பாகம். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டாட்டருக்கும் ஹெட்லைற் பல்புக்கும் பற்றரிக்கும் இதே கதைதான். ஒரு பாகம் ஒரு தடவை போனால் அதன் வயது முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே பாகம் ஆறு மாதத்துக்குள் மறுபடி போனால், அதைக் கெடுக்கிற வேறொன்று லொறிக்குள் இருக்கிறது. அது எது என்று பார்க்காமல் மூன்றாவது பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

திருகோணமலையில் ஓடும் லொறிகளுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. கொட் பே துறைமுகத்தில் மீன் ஏற்றும் லொறியின் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பின்பக்கச் சேசிஸ் வழியாக வடிந்து, டெயில் லைற் வயர்களின் மேலேயே இறங்குகிறது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வீதியில் ஓடும் லொறிக்கு எந்நேரமும் கடற்காற்று. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் குணம் இருப்பதால், மழை இல்லாத நாளிலும் உப்புப் படிந்த மூட்டு நனைந்தபடியே கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை மழை. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்றும் தூசியும். கந்தளாயிலிருந்து நெல் ஏற்றும் லொறிக்கு உப்புக் குறைவு என்றாலும் தூசியும் குலுக்கலும் கூட.

லொறியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் லொறி 12 வோல்டா, 24 வோல்டா? இரண்டு பற்றரி இருந்தால் 24 என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸுடன் இணைந்திருந்தால்தான் 24. பிளஸும் பிளஸும் இணைந்திருந்தால் 12. ஜப்பானிலிருந்து வந்த இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்ரர் லொறிகள் பெரும்பாலும் 24. டாட்டா 407 போன்றவை 12. மீற்றர் வைத்து உறுதிசெய்துவிட்டு, கபினில் இருக்கும் ஒவ்வொரு ரிலேயிலும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிச்), சிக்னலைத் துடிக்க வைக்கும் பிளாஷரிலும் ஹோர்னிலும் என்ன வோல்ட் அடித்திருக்கிறது என்று வாசியுங்கள். முன்பு வைத்திருந்தவர் அவசரத்துக்கு 12 வோல்ட் ரிலேயை 24 லொறியில் செருகியிருந்தால், அதன் சுருள் சூடேறி எரிந்துகொண்டே இருக்கும். "இந்த லொறிக்கு ரிலே நிற்காது" என்ற பேச்சு பல இடங்களில் இப்படித்தான் பிறக்கிறது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர், பற்றரி அசிட் பார்க்கும் ஹைட்ரோமீற்றர், கம்பித் தூரிகை, அரத்தாள், இரண்டு வயர் பூட்டிய ஒரு 21 வாட் பல்ப். மீற்றர் இருக்கும்போது பல்ப் எதற்கு என்று கேட்பார்கள். மீற்றர் கிட்டத்தட்டக் கரண்டே இழுக்காது. உள்ளே பத்து இழை அறுந்து, மிஞ்சிய ஒரே இழையும் அரித்துப்போன வயரிலும் அது 24 என்று காட்டும். 24 வோல்டுக்குரிய 21 வாட் பல்ப் ஏறக்குறைய 0.9 அம்பியர் இழுக்கும். அந்த ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாமல் பல்ப் மங்கிவிடும். பழைய வயரைப் பொறுத்தவரை பல்ப் சொல்வதை நம்புங்கள்.

ஒரு கொப்பியும் வேண்டும். எந்தப் பாகம், என்ன திகதி, எத்தனை கிலோமீற்றர், எப்போது போனது என்று எழுதுங்கள். எல்லா மூலையிலும் பல்ப் எரிந்துபோனால் சார்ஜ் கூடிவிட்டது. ஒரே மூலையில் மட்டும் எரிந்துபோனால் அந்த ஹோல்டரிலோ ஏர்த்திலோ (கரண்ட் சேசிஸ் இரும்பு வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) குலுக்கலிலோ பிழை. பள்ளத்தில் விழும்போது மட்டும் பியூஸ் போனால் எங்கோ வயர் இரும்பில் உரசுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பற்றரியிலிருந்து தொடங்குங்கள்

இரவு முழுக்க நிறுத்திய லொறியில், காலையில் ஸ்டாட் பண்ணும் முன், ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியாக அளவுங்கள். 12.6 வோல்டுக்குக் கிட்ட இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட வெறுமை. ஹைட்ரோமீற்றரில் நிறைந்த செல் 1.250 முதல் 1.280 வரை காட்டும். ஒரு செல்லுக்கும் மற்றதுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பற்றரி முடிந்தது.

24 வோல்ட் லொறியில் இரண்டு பற்றரிக்கும் 0.2 வோல்டுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், ரேடியோ வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். 12 வோல்ட் செட், மின்விசிறி, போன் சார்ஜர் இவற்றுக்கு ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். ஓல்டனேற்றர் இரண்டையும் ஒன்றாகவே பார்த்து 28 வோல்ட் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. வயர் இழுத்த பற்றரி எப்போதும் பட்டினியாகக் கிடக்கும். மற்றது தன் பங்குக்கு மேல் வாங்கிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். இரண்டும் வெவ்வேறு விதத்தில், ஒரே காரணத்தால் சாகும். 24-ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்றைப் பூட்டி, அதற்கு வரும் வயரை 24-இலிருந்து எடுங்கள். அதன் விலை ஒரு பற்றரியை விடக் குறைவு.

பற்றரி மாற்றினால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையில், ஒரே அளவில் மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் சோடி சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவைக் கழுவ ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போதும். செல் மூடிகளை இறுக்கி மூடிவிட்டு ஊற்றுங்கள். உள்ளே ஒரு துளியும் போகக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, இறுக்கி, அதன்பின் வசிலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குவது முறையல்ல. கழற்றும்போது சேசிஸில் பூட்டிய மைனஸ் முதலில், பூட்டும்போது அதே மைனஸ் கடைசியில். முறை மாறினால், பிளஸைத் திருகும் சாவி சேசிஸில் பட்டு எரியும்.

சார்ஜை அளத்தல்

எஞ்சினைச் சூடாக்கி, கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, பற்றரி முனையில் அளவுங்கள். 24 வோல்ட் லொறியில் 27.6 முதல் 28.8 வரை இருக்க வேண்டும், 12-இல் 13.8 முதல் 14.4. பிறகு ஹெட்லைற், விசிறி எல்லாம் போட்டு மறுபடி அளவுங்கள். 27-க்குக் கீழே விழக் கூடாது. 29-ஐத் தாண்டினால் பற்றரி கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். இழை பல்புக்கு வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும் என்பதை நினைவில் வைத்திருந்தால், மாதம் ஒரு பல்ப் வாங்குகிறவர் கடையைக் குறைசொல்லாமல் மீற்றரை எடுப்பார்.

சார்ஜ் கூடினால் எல்லோரும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரை மாற்றச் சொல்வார்கள். மாற்றும் முன் இதைப் பாருங்கள். பழைய லொறிகளில் ரெகுலேற்றர் தனிப்பெட்டியாகக் கபின் தகட்டில் பூட்டியிருக்கும். அது தனக்கு வரும் வயருக்கும் தன் ஏர்த்துக்கும் இடையிலுள்ள வோல்டைப் பார்த்துத்தான் சார்ஜைக் கூட்டுவதோ குறைப்பதோ செய்கிறது. அந்தப் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணிக்குக் கீழே கறள் பிடித்தால், உள்ளபடி 28 இருக்கும்போது அதற்கு 27 போலத் தெரியும். குறைவு என்று நினைத்து இன்னும் கூட்டும். திறப்பு சுவிச்சின் உள்முனைகள் தேய்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஆக, உப்புப் பிடித்த ஒரு திருகாணி ரெகுலேற்றரை ஏமாற்றி, பற்றரியைக் கொதிக்க வைத்து, பல்புகளை எரிக்கிறது. எஞ்சின் ஓடும்போது மீற்றரின் ஒரு முனையை ரெகுலேற்றர் பெட்டியிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸிலும் வையுங்கள். 0.1-க்கு மேல் காட்டினால் திருகாணியைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை அரத்தாளால் தேயுங்கள். பிறகு திறப்பு சுவிச்சிலிருந்து வரும் வயரை அளந்து, பற்றரி வோல்டுடன் ஒப்பிடுங்கள்.

ஏர்த், ஏர்த், ஏர்த்

இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே அரைவாசித் தொல்லை போய்விடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

எஞ்சின் இறப்பர் மவுண்டில் நிற்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே கரண்ட் திரும்பிப்போக ஒரு பின்னல் செப்புப் பட்டை இருக்கும். குனிந்து பார்த்தால் ஒயிலும் சேறும் மூடி, நடுவில் சில இழைகள் அறுந்து, முனையில் பச்சை பூத்துக் கிடக்கும். அங்கே 0.01 ஓம் தடை சேர்ந்தால் போதும்: 10 அம்பியர் இழுக்கும் லைற்றுகளுக்கு 0.1 வோல்ட்தான் இழப்பு, ஒன்றும் தெரியாது. 200 அம்பியர் இழுக்கும் ஸ்டாட்டருக்கோ 2 வோல்ட் இழப்பு. லைற் எல்லாம் நன்றாக எரியும், ஸ்டாட்டர் மட்டும் முக்கும். உடனே ஸ்டாட்டரைக் கழற்றிக் கொண்டுபோவார்கள். பட்டையில் வழி இல்லாதபோது அந்தக் கரண்ட் அக்சிலேற்றர் கேபிள் வழியாகவும் ஓடிப் பார்க்கும். கேபிள் சூடாகி இறுகியிருந்தால் காரணம் இதுதான்.

அளக்கும் முறை:

எஞ்சின் பிடிக்காதபடி ஒருவர் ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்து செக்கன் ஸ்டாட்டரைச் சுற்றட்டும். கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டபடி.

மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி மைனஸின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளம்பில் வேண்டாம். சிவப்பு முனை எஞ்சின் கட்டையில், மை இல்லாத இடத்தில். 24 வோல்ட் லொறியில் 0.4-க்கு மேலும், 12-இல் 0.2-க்கு மேலும் காட்டக் கூடாது.

சிவப்பை அடுத்துச் சேசிஸில் வைத்துப் பாருங்கள். பிறகு கிளம்பில். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்ட் எகிறுகிறதோ அங்கேதான் பிழை.

பிளஸ் பக்கத்தையும் இப்படியே: ஒரு முனை பற்றரி பிளஸ் குமிழில், மற்றது ஸ்டாட்டரின் பெரிய போல்டில். சுற்றும்போது 0.5-க்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ஓட, லைற் எரிய, ஓல்டனேற்றரின் பெரிய போல்டுக்கும் பற்றரி பிளஸுக்கும் நடுவிலும் 0.5-க்குள்.

பழைய பட்டையைச் சுரண்டி மினுக்குவதை விடப் புதிது போடுவது மேல். பற்றரி கேபிள் எவ்வளவு பருமனோ அதே பருமன். பூட்டும் இடத்தில் மை சுரண்டி, பல் வொஷர் வைத்து, இறுக்கி, மேலே கிரீஸ். கபினுக்கும் சேசிஸுக்கும் தனியாக ஒன்று போடுங்கள். பழைய கபின்களில் இது பெரும்பாலும் அறுந்தே கிடக்கும்.

டெயில் லைற்றுகள் ஏர்த்துக்குத் தங்கள் பூட்டாணியையே நம்பியிருக்கும். பிரேக் மிதித்தால் சிக்னல் மங்குகிறது, சிக்னல் போட்டால் பார்க் லைற்றும் சேர்ந்து துடிக்கிறது என்றால் ஆணியில் கறள். ஒவ்வொரு லைற்றுக்கும் சேசிஸ் வரைக்கும் தனி ஏர்த் வயர் இழுத்துவிடுங்கள். மீன் லொறிகளுக்கு இது கட்டாயம்.

ஓல்டனேற்றர் திரும்பத் திரும்பப் போவது

எல்ஃப், கன்ரர் போன்ற பல டீசல் லொறிகளில் பிரேக் பூஸ்டருக்கான வக்கியூம் பம்ப் ஓல்டனேற்றரின் பின்புறத்திலேயே பூட்டியிருக்கும். அதற்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் ஒயில் வருகிறது; ஒரு தடித்த ஹோஸ் வழியாக எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டான சம்புக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் ஹோஸ் கரியால் அடைத்தாலோ மடிந்தாலோ ஒயில் போக வழியின்றி, தண்டு சீலைத் தள்ளிக்கொண்டு ஓல்டனேற்றருக்குள் புகும். பிரஷ்கள் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரிக்கட்டிகள்) ஒயிலில் ஊறும், கரித்தூளும் ஒயிலும் கலந்து கறுப்புக் களியாகும், சார்ஜ் நிற்கும். திருத்துகிறவர் பிரஷ் மாற்றித் தருவார். இரண்டு மாதத்தில் மறுபடி அதே களி.

ஆகவே கழற்றிய ஓல்டனேற்றரை உள்ளே பாருங்கள். ஈரமான கறுப்பு தெரிந்தால் பிரஷுடன் சீலையும் திரும்பும் ஹோஸையும் மாற்றச் சொல்லுங்கள். எஞ்சினின் ப்ளோ-பை, அதாவது பிஸ்டன் ஓரமாகக் கீழே கசியும் புகை, கூடியிருந்தால் சம்பில் அழுத்தம் ஏறி இதையே செய்யும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது பம்புக்குள் கொஞ்சம் சுத்த ஒயில் விட்டுப் பூட்டுங்கள், காய்ந்து ஓடினால் அதன் தகடுகள் தேயும். வீதிக்கு எடுக்கும் முன் பிரேக்கைச் சோதிப்பது கட்டாயம்: எஞ்சின் நிற்கும்போது பெடலைப் பல தடவை மிதித்து இறுக்கி, மிதித்தபடியே ஸ்டாட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் லொறியை நகர்த்த வேண்டாம்.

ஒயில் இல்லாமல் டயோட் (ஓல்டனேற்றரின் ஏசி கரண்டை டிசி ஆக்கும் பாகம்) மட்டும் போயிருந்தால் காரணம் வேறு. பற்றரி கிளம்ப் தளர்ந்திருக்கும், அல்லது பூட்டியபடியே சேசிஸில் வெல்டிங் அடித்திருப்பார்கள், அல்லது யாரோ எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்த்திருப்பார்கள். இந்தக் கடைசிப் பழக்கம் இன்னும் போகவில்லை. கழற்றிய கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி டயோட்டையும் ரெகுலேற்றரையும் அடித்துவிடும். உங்கள் லொறியில் யார் கைவைத்தாலும் இதைச் செய்ய விடாதீர்கள்.

டயோட் நல்லதா என்று பார்க்க, எஞ்சின் ஓட, லைற் எரிய, மீற்றரை ஏசி வோல்டுக்கு மாற்றிப் பற்றரியில் வையுங்கள். 0.5-க்கு மேல் என்றால் சந்தேகம். மலிவு மீற்றர்கள் சில ஏசியில் ஒரு பக்கம் வைத்தால் ஐம்பது, அறுபது என்று காட்டி, முனைகளை மாற்றி வைத்தால் பூச்சியம் காட்டும். அப்படிப்பட்ட மீற்றர் இந்தச் சோதனைக்கு ஆகாது.

பெல்ட்டைப் பெருவிரலால் நடுவில் அழுத்தினால் 10 மில்லிமீற்றர் அளவில் தாழ வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், மிதமிஞ்சி இறுக்கினால் பெயாரிங் போகும். டாஷில் உள்ள சார்ஜ் பல்ப் எரிந்துபோயிருந்தால் அதையும் போடுங்கள். பல வகைகளில் அந்தப் பல்ப் வழியாகத்தான் ஓல்டனேற்றருக்கு முதல் கரண்ட் போகிறது.

ஸ்டாட்டர், சுவிச், இரவில் வடியும் பற்றரி

ஸ்டாட்டரைப் பத்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து சுற்ற வேண்டாம். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் விடுங்கள். மற்றபடி அதன் சாவுக்குக் காரணம் மேலே சொன்ன கேபிளும் ஏர்த்தும்தான்.

ஹெட்லைற் சுவிச் உருகினால் பல்பின் வாட்டைப் பாருங்கள். 24 வோல்டுக்கு உரிய 75/70 பல்ப் ஒன்று ஏறக்குறைய 3 அம்பியர் இழுக்கும். 100 வாட் போட்டால் 4-க்கு மேல். பழைய சுவிச் இரண்டு பல்பின் சுமையையும் நேராகத் தாங்குகிறது. ரிலே போடுங்கள். அதன் கால்களில் உள்ள எண்கள்படி: 30-க்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக, 87 பல்புக்கு, 86 பழைய சுவிச் வயருக்கு, 85 ஏர்த்துக்கு. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். அதனால் ரிலே போட்ட பின் சாதாரண பல்பே போதுமென்று பலருக்குத் தோன்றும்.

இரவில் பற்றரி வடிந்தால்: திறப்பை எடுத்து, கதவுகளை மூடி, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவில் வையுங்கள். அப்போது ஸ்டாட் பண்ணக் கூடாது, மீற்றர் போய்விடும். கம்பியூட்டர் இல்லாத லொறியில் 0.05 அம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.5 இருந்தால் நாளுக்கு 12 அம்பியர்-மணி. பொங்கலுக்கோ பெருநாளுக்கோ மூன்று நாள் நிறுத்தினால் 70 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதிலும் குறையாவிட்டால் மைனஸைத் தனியே வைத்துவிட்டு ஓல்டனேற்றரின் பெரிய வயரைக் கழற்றி, முனையை ரேப்பால் சுற்றி, மறுபடி அளவுங்கள். இப்போது குறைந்தால் டயோட் கசிகிறது.

உப்புக்கு நிற்கும் வயரிங்

வயரை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். அதன்மேல் புதிய மூட்டு நிற்காது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை பின்னால் வெட்டிப் போங்கள். ஒரு முழம் போனாலும் போகட்டும். முறுக்கி ரேப் சுற்றுவது கடற்கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது, ரேப்புக்குள் உப்புத்தண்ணீர் நின்றுவிடும். வயர் முனையில் பூட்டும் சரியான அளவு லக்கை அதற்குரிய குறட்டால் நசித்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். ஈயப் பற்று மட்டும் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, குலுக்கலில் அங்கேயே அறும். பின்பக்க ஹார்னஸ் (வயர்க் கட்டு) புதிதாகப் போடுவதென்றால் படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய வயரைத் தேடி வாங்குங்கள். விலை கூட, ஆனால் மீன் லொறிக்கு அதுதான் நிற்கும்.

பியூஸ் என்பது வயரைக் காப்பது. 10 அம்பியர் பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றுவதும் லொறியை எரிக்கும் வேலை.

சேவிஸ் ஸ்டேஷனில் கழுவும்போது ஓல்டனேற்றரையும் பியூஸ் பெட்டியையும் பிளாஸ்டிக் பையால் மூடச் சொல்லுங்கள். மீன் லொறியின் பின் சேசிஸையும் லைற்றுகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், அழுத்தம் வேண்டாம்.

திருத்திய ஓல்டனேற்றர் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் வோல்ட், அம்பியர், பெல்ட் ஓடும் கப்பியின் அளவு, பம்ப் இணைப்பு நான்கையும் ஒப்பிடுங்கள். சுமை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சும்மா சுற்றி 28 காட்டுவது போதாது. ஏர்த் அளவைகளை ஐப்பசியில், வாடை மழை பிடிக்கும் முன் ஒரு தடவையும், தையில் மழை விட்ட பின் ஒரு தடவையும் எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த எண் ஏறியிருக்கிறதோ அந்த மூட்டை அந்த வாரமே கழற்றுங்கள்.